ஜப்பானிப் பழம் சாப்பிட்ட சம்பந்தி

என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களை நான் வாயடைக்க வைத்திருக்கிறேன். பேச்சுத் திறமையால் அல்ல, அதற்கும் எனக்கும் வெகு தூரம். ஒரு தட்டுப் பழத்தால். வந்தவர்களும் வரவேற்றவர்களும் கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேச முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பழத்தை வளர்த்தது நான், பறித்தது நான், நறுக்கியது நான், "வெக்கப்படாம எடுத்துக்குங்க" என்று வற்புறுத்தியதும் நான்தான். ஆகவே பழியில் பங்குக்கு வர யாரும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தொன்பது வயது. என் கணவர் ராணுவத்தில் கிளார்க். புனேயில், வானவடிப் பக்கத்து ராணுவக் குடியிருப்பில் எங்களுக்குத் தரைத்தள வீடு கிடைத்திருந்தது. பின்பக்கம் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு மண். கோயமுத்தூரில் துளசித் தொட்டி வைக்கவே வீட்டுக்காரம்மாவிடம் அனுமதி கேட்டு வளர்ந்தவள் நான். அந்த நாலு கட்டில் மண்ணைப் பார்த்ததும் எனக்கு எஸ்டேட் முதலாளி என்கிற நினைப்பு வந்துவிட்டது.

கூடவே புனேயின் குளிர் வேறு. டிசம்பர் காலையில் பேசினால் வாயிலிருந்து புகை வரும். இதை ஊருக்கு எழுதும்போது கொஞ்சம் கூட்டி எழுதினேன். ஸ்வெட்டர், மப்ளர், கம்பளிக் குல்லாவோடு ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். (எடுத்தது மத்தியானம் இரண்டு மணிக்கு. உள்ளே வியர்த்துக் கொட்டியது.) ஒரு பொய்யை நாலு பேருக்குக் கடிதத்தில் எழுதினால் ஐந்தாவதாக நாமே நம்பிவிடுகிறோம். புனே ஒரு மலைவாசஸ்தலம், இங்கே குளிர்ப்பிரதேசப் பழங்கள் எல்லாம் காய்க்கும், காய்க்க வைக்கப் பிறந்தவள் நான் என்று முடிவு கட்டினேன்.

மகாபலேஷ்வர் போனபோது ஸ்ட்ராபெரி நாற்றுகளை ஈரத் துணியில் சுற்றி, பஸ்ஸில் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மூன்று பழம் காய்த்தது. அதில் பெரியது சுண்டைக்காய் அளவு. அக்கம்பக்கத்து பாபிகளைக் (குடியிருப்பில் எல்லாப் பெண்களும் எல்லோருக்கும் பாபி, அதாவது அண்ணி) கூப்பிட்டு, பிளேடால் நறுக்கி ஆளுக்கொரு துணுக்கு கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ருசிக்கச் சொன்னேன். மூடிய கண்ணைத் திறந்து ஒரு பாபி, "ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். அவர் நாக்கில் வைத்தது அதற்குள் காணாமல் போயிருந்தது. அடுத்து, குன்னூரிலிருந்து வரவழைத்த, பேஷன் ஃப்ரூட் என்கிற தாட்பூட் பழக்கொடி. அது காய்க்கவில்லை, பக்கத்து வீட்டுக் கொடிக்கயிற்றில் ஏறி, அங்கே உலர்ந்த யூனிபார்மின் இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டிப் போட்டது. அதற்கும் அடுத்து, இந்தியில் ரஸ்பரி என்று சொல்கிற செடி. காகித விளக்கு மாதிரி உறைக்குள் மஞ்சளாக ஒரு பழம். இது மட்டும் ஏராளமாகக் காய்த்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்குப் பெருமையாக ஒரு கிண்ணம் நீட்டினேன்.

"இதென்ன கண்ணு, நம்மூர்ல வேலியோரம் கெடக்கற சொடக்குத் தக்காளி மாதிரியல்ல இருக்குது. இதுக்கா தண்ணி ஊத்தற?" என்றார் அம்மா.

இரண்டு நாள் நான் அம்மாவிடம் பேசவில்லை.

இத்தனை முயற்சிக்கும் நடுவே, நான் நடாத ஒரு மரம் பின்பக்கச் சுவரோரம் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. ராணுவக் குடியிருப்பில் வீடு கைமாறும்போது ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு பல்பு, குழாய், கொக்கி எல்லாவற்றையும் எண்ணி ஒப்படைப்பார்கள். மரம் செடி அந்தப் பட்டியலில் வராது. யாரோ நடுவார்கள், யாரோ தண்ணீர் ஊற்றுவார்கள், மாற்றல் வந்ததும் விட்டுவிட்டுப் போவார்கள், யாரோ தின்பார்கள். எங்களுக்கு முன்னால் இருந்தவர் ஒரு ஹிமாச்சல் பாபி. அவருக்கு முன்னால் இருந்தவரும் அதே மலைப்பக்கம். ஊரிலிருந்து கன்று கொண்டுவந்து நட்டது அவர்தானாம். சாமான்கள் லாரியில் ஏறிய பிறகு பாபி என் கையைப் பிடித்துப் பின்பக்கம் அழைத்துப்போனார்.

"இது ஜப்பானி ஃபல். போன வருஷம்தான் முதல் முறையாக நாலு காய் விட்டது. நன்றாகச் சிவந்த பிறகு பறி. ஆனால் உடனே தின்னாதே. அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி வை. ஒரு நாள் எடுத்துப் பார்த்தால், ஐயோ அழுகிவிட்டதே, எறிந்துவிடலாம் என்று தோன்றும். அன்றைக்குத்தான் தின்ன வேண்டும்" என்று இந்தியில் சொன்னார். நான் மறந்துவிடுவேன் என்று பயந்தவர் போல இன்னொரு முறையும் சொன்னார்.

இந்தி புரியவில்லை என்று தப்பிக்க எனக்கு வழியில்லை. நன்றாகவே புரிந்தது. நம்பத்தான் இல்லை. நாங்கள் கொய்யாவைக் கடித்தால் சத்தம் கேட்க வேண்டும், மாங்காய் கீறினால் மொறுமொறுவென்று இருக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள். கொழகொழத்துப் போனதை மாட்டுக்கு வைப்போம். பாவம், மலையில் இருக்கிறவர்கள், பழம் சந்தைக்கு வருவதற்குள் அழுகிவிடும், அதையே பழக்கமாக்கிக்கொண்டார்கள் என்று மனதுக்குள் அவருக்காகப் பரிதாபப்பட்டேன். வெளியில் தலையை நன்றாக ஆட்டினேன்.

அந்த வருஷம் ஒன்றும் காய்க்கவில்லை. அடுத்த வருஷம் பதினோரு காய் பிடித்தது. நாலை அணிலும் கிளியும் கொண்டுபோயின. மிச்சம் ஏழைக் காப்பாற்ற, என் கணவரின் பச்சை நிற யூனிபார்ம் சாக்ஸ்களை எடுத்து ஒவ்வொரு காய்க்கும் ஒன்றாக மாட்டி, வாயை நூலால் கட்டிவிட்டேன். ஒரு மாதம் அவர் ஒரே ஜோடியைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு பரேடுக்குப் போனார். மரம் மட்டும் முழு யூனிபார்மில் நின்றது.

இனி என் தங்கை சுமதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. எங்களோடு தங்கி ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஊரில் இரண்டு முறை பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு முறையும், "போயி லெட்டர் போடறோம்" என்று எழுந்து போனார்கள். முதல் லெட்டர் வரவே இல்லை. மூன்று மாதம் அம்மா தபால்காரருக்காக வாசலில் நின்றார். இரண்டாவது வந்தது, ஜாதகம் பொருந்தவில்லை என்று. (ஜாதகம் பார்த்து, பொருந்துகிறது என்ற பிறகுதான் பெண் பார்க்கவே வந்தார்கள்.) அதற்குப் பிறகு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, அலைய முடியாமல் போனது. "இனி உன்ற பொறுப்பு கண்ணு. அங்க நீதான் அவளுக்கு அம்மாவும் அப்பனும்" என்று போனில் என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

புனேயிலேயே லோஹேகாவில் இருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா உடுமலைப்பேட்டைக்காரர். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று அங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்டவர். பையன் முரளி, பாலம் கட்டும் கம்பெனியில் என்ஜினீயர். வேலை எங்கே நடக்கிறதோ அங்கே போய் இருக்க வேண்டியவர்.

"அக்கா, இதுதான் கடைசி" என்றாள் சுமதி. "இவங்களும் லெட்டர் போடறோம்னு சொல்லீட்டுப் போனா, அப்பறம் யார் வந்தாலும் நான் காப்பித் தட்டுத் தூக்கமாட்டேன். நீயும் கேக்கக் கூடாது, அப்பாவும் கேக்கக் கூடாது."

அவள் சொன்னால் சொன்னதுதான். பத்து வயதில் அம்மாவோடு சண்டை போட்டு, இனி இந்த வீட்டில் பால் குடிக்க மாட்டேன் என்றவள், அன்றிலிருந்து கடுங்காப்பிதான் குடிக்கிறாள். 

எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவோடு பேசினேன். கணீரென்ற குரல். "எங்க வீட்ல லெட்டர் போடற பழக்கமே இல்லீங்க. புடிச்சிருந்தா அங்கயே சொல்லீருவோம். இல்லீன்னாலும் மூஞ்சிக்கு நேரா அங்கயே சொல்லீருவோம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நான் போட்ட திட்டம்தான் வினை. எல்லா வீட்டிலும் சொஜ்ஜி, பஜ்ஜி. நம் வீட்டில் யாரும் பார்த்திராத, தோட்டத்தில் விளைந்த ஜப்பான் பழம். இந்த வீட்டுப் பெண்கள் சாமானியமானவர்கள் இல்லை என்று தட்டைப் பார்த்ததுமே தெரிய வேண்டும்.

"உன்ற பழத்த ஆராய்ச்சி பண்றதுக்கு என்ற கல்யாணந்தான் கெடச்சுதா?" என்று சுமதி கேட்டாள்.

என் கணவர், "ஒண்ண அறுத்துத் தின்னு பாத்துட்டு அப்பறமா வையேன்" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்ன மிகச் சிறந்த யோசனை அது. ஆனால் முதல் பழம் பிள்ளையாருக்கு என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். சாமிக்குப் படைக்கும் முன் வாயில் வைப்பதாவது. மோந்து பார்ப்பதே தப்பு என்று வளர்ந்தவள். வரன் அமைகிற நேரத்தில் பிள்ளையாரோடு விளையாட முடியுமா?

ஞாயிறு காலை குளித்துவிட்டு ஏழு சாக்ஸையும் அவிழ்த்தேன். ஏழு பழமும் நல்ல ஆரஞ்சு நிறத்தில், தட்டினால் சத்தம் வருகிற கெட்டியில் இருந்தன. ஒன்றைச் சமையலறை அலமாரியில் பிள்ளையார் முன் வைத்துக் கற்பூரம் காட்டினேன். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதையும் கடித்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிரசாதத்தை எடுத்து ஒரு கடி கடித்திருந்தாலும் தப்பித்திருப்பேன். கையை நீட்டினேன், வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மூன்று பேர் வந்தார்கள். அப்பா, அம்மா, முரளி. எங்கள் வீட்டில் இருந்த இரண்டு நாற்காலியில் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். கறுப்பு இரும்புப் பெட்டி மேல் பெட்ஷீட் விரித்து அதில் மாப்பிள்ளை உட்கார்ந்தார். (ராணுவக்காரர் வீட்டில் சோபா என்றால் அதுதான்.) சுமதி வந்து வணங்கினாள், கொஞ்ச நேரம் தலை குனிந்து உட்கார்ந்தாள், காப்பி கலக்க உள்ளே போனாள். மாப்பிள்ளையின் அப்பா தன் சர்வீஸ் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். முரளி வாயே திறக்கவில்லை. அந்த அம்மா சுமதி போன திசையைப் பார்த்து லேசாகச் சிரித்ததை நான் கவனித்தேன். காரியம் பழம்தான் என்று நினைத்தேன், தட்டோடு நுழைந்தேன்.

மூன்று பழத்தைக் குறுக்காக நறுக்கியிருந்தேன். ஒவ்வொரு வில்லையின் நடுவிலும் நட்சத்திரம் போட்டது போல ஒரு கோலம். அந்த அம்மா, "அட, பாக்கறதுக்கே அழகா இருக்குதே" என்றார். நான் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். புனேயின் தட்பவெப்பம், ஹிமாச்சல், ஜப்பான், என் உழைப்பு, எல்லாம் அதில் வந்தது. சாக்ஸ் மட்டும் வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா இரண்டு வில்லையை ஒன்றாக வாயில் போட்டு, நாலு முறை மென்று விழுங்கிவிட்டு, நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"நான் சுத்தி வளைக்கற ஆளில்லீங்க. நேராவே சொல்லீர்றேன். எங்களுக்குப் பொண்ணப் பாத்ததுல..."

அங்கே நின்றார்.

துவர்ப்பு என்பதை அறுசுவையில் ஒன்றாக நாம் படித்திருக்கிறோம். வாழைப்பூ, கடுக்காய், பாக்கு என்று பழகியும் இருக்கிறோம். இது அந்த வகையறாவே இல்லை. முதல் சில நொடி ஒன்றுமே தெரியாது. பிறகு நாக்கு தடிக்கும். கன்னத்தின் உட்பக்கம் பல்லோடு போய் ஒட்டிக்கொள்ளும். வாய்க்குள் கம்பளியைத் திணித்து எடுத்தது போல எல்லாம் உலர்ந்துபோய், எச்சில் என்று ஒன்று இருந்ததே மறந்துவிடும். தண்ணீர் குடித்தாலும் அது எங்கேயோ தனியாக இறங்கிப் போகும்.

இதெல்லாம் எனக்கு இரண்டு நிமிடம் கழித்துத் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, ஒரு பெரிய மனிதர் "பொண்ணப் பாத்ததுல" என்று ஆரம்பித்துவிட்டு, முகம் சுருங்கி, கண் விரிந்து, மேலே சொல்ல முடியாமல் தவிக்கிறார் என்பதுதான். நல்ல மனசுக்காரர், பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை என்று நினைத்தேன். அந்த அம்மாவைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். கண்ணில் நீர். எங்கள் நிலைமையை நினைத்து அழவே ஆரம்பித்துவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

"பரவால்லீங்க, அவசரமில்ல. இன்னொரு துண்டு எடுத்துக்குங்க, அப்பறமாப் பேசலாம்" என்று தட்டை நீட்டினேன்.

மாப்பிள்ளையின் அப்பா தலையை வேகமாக இடமும் வலமும் ஆட்டினார். விருந்தாளிக்குத் துணையாக ஒரு முழு வில்லையைத் தின்றிருந்த என் கணவர், என்னைப் பார்த்தார். ஏதாவது பேசிச் சமாளிக்க வேண்டியவர், உதட்டைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. நிலைமையைச் சமாளிக்க, எல்லோருக்கும் முன்னால் நானும் ஒரு துண்டை எடுத்து, "எவ்வளவு ருசியா" என்று ஆரம்பித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

அந்த வாக்கியமும் அங்கேயே நின்றது.

இந்தக் கட்டத்தில்தான் சுமதி காப்பித் தட்டோடு வந்தாள். நாலு பெரியவர்கள் உதட்டை இறுக்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு அம்மா அழுகிறார். அவள் அக்கா குற்றவாளி மாதிரி தரையைப் பார்க்கிறாள். சுமதி தட்டைக் கீழே வைத்தாள். தட்டில் சிந்தியிருந்த காப்பியை வெறும் கையாலேயே வழித்துத் துடைத்தாள். இதை எழுதும்போதும் அந்தக் கைதான் கண்ணில் நிற்கிறது.

"புடிக்கலீன்னா வாயத் தொறந்து சொல்லீருங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்" என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா பதறிப்போய், அப்படி இல்லை என்பதற்காக இரண்டு கைகளையும் பலமாக ஆட்டினார். வேண்டாம் வேண்டாம் என்பது போலவே இருந்தது.

"சரிங்க. புரிஞ்சுதுங்க" என்று அவள் திரும்பினாள். நான் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். "ம்ப" என்று ஒரு சத்தம் வந்தது.

முரளி எழுந்து நின்றார். "ஒரு நிமிஷமுங்க. அவங்க பேச மாட்டேங்கலீங்க. பேச முடியலீங்க."

சுமதி நின்றாள்.

"இந்தப் பழத்தக் கெட்டியா இருக்கறப்பத் தின்னா இப்படித்தானுங்க, வாயக் கட்டிப் போட்டுரும். ஹிமாச்சல்ல ஒரு வருஷம் வேலையா இருந்தப்ப நானும் தின்னு மாட்டியிருக்கறேன். கொஞ்ச நேரத்துல தானாச் சரியாப் போயிரும்."

"உசுருக்கு ஒண்ணுமில்லீங்களே?"

"இல்லீங்க. கோவந்தான் நெறைய வரும்."

சுமதி அவருக்கு வைத்திருந்த சிறு தட்டைப் பார்த்தாள். வில்லை வைத்தது வைத்தபடி இருந்தது. "அதான் நீங்க தொடவே இல்லீங்களா?"

"ஆமாங்க."

"தெரிஞ்சும் சொல்லலீங்களா?"

"அப்பா பேசீட்டிருந்தாருங்க. அவர் பேசறப்ப நடுவுல யாராச்சும் பேசுனா அவருக்குப் புடிக்காது."

அப்பா மகனை முறைத்தார். அதற்கு மேல் அவரால் ஆகவில்லை.

"அப்ப, நாளைக்கு நான் ஒரு குழியில விழப்போறேன்னு வெச்சுக்குங்க. உங்கப்பா பேசி முடிக்கற வரைக்கும் பாத்துட்டு நிப்பீங்களா?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் இந்த இடத்தில் நாங்கள் நாலு பேரும் பாய்ந்திருப்போம். "சுமதி, உள்ள போ" என்று நான் அதட்டியிருப்பேன். பெண் பார்க்கிற இடத்தில் பெண் மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் இப்படிக் கேட்டு எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்க்க மட்டும்தான் எங்களால் முடிந்தது.

முரளி மறுபடி பெட்டி மேல் உட்கார்ந்தார். யோசித்தார். "தெரியலீங்க. இதுவரைக்கும் அப்படி ஒரு நெலம வரல. ஆனா இன்னைக்குச் சொல்லாம இருந்தது தப்புன்னு இப்பத் தோணுது" என்றார்.

சுமதி பெட்டியின் இன்னொரு முனையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க வேலைக்கு ஊர் ஊராப் போவீங்களாமா. நானும் கூட வரணுமுங்களா, இல்ல லோஹேகாவ்லயே இருக்கணுமுங்களா?"

ஒரு வாரமாக எங்கள் வீட்டில் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. அதை வந்தவர்களிடம் கேட்கும் தைரியம் எனக்கோ என் கணவருக்கோ இல்லை.

"உங்க இஷ்டமுங்க. வந்தீங்கன்னா தகரக் கொட்டாயில இருக்க வேண்டி வரும். குளிரும். கடை கண்ணி இருக்காது. வரலீன்னா..." முரளி தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "எனக்குத்தான் கொஞ்சம் கஷ்டமா இருக்கும்."

அந்த அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுக்காமலே திரும்பித் தன் மகனைப் பார்த்தார். இவனுக்கு இப்படியெல்லாம் பேச வருமா என்ற பார்வை.

"குளிரு ஒண்ணும் பிரச்சனையில்லீங்க. எங்கக்கா இந்த ஊர ஊட்டின்னு சொல்லி ரண்டு வருஷமா நம்ப வெச்சிருக்கறா" என்றாள் சுமதி. முரளி சிரித்தார். அவளும் சிரித்தாள். நான் பேச முடியாமல் அதையும் கேட்டுக்கொண்டேன்.

சூடான காப்பி உள்ளே போனதும் முதலில் வாய் திறந்தது அந்த அம்மாவுக்குத்தான். "அம்மணி, இன்னொரு டம்ளர் குடு சாமி" என்றார். அவருடைய வீட்டுக்காரர் இரண்டு வில்லை தின்றவர், லேசில் மீளவில்லை. இருமினார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்து கும்பிட்டார். பழைய வாக்கியத்தை முடிப்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம். "வ... வர்றமுங்க" என்பது மட்டும்தான் கரகரவென்று வந்தது. ஆட்டோ போய்விட்டது.

அடுத்த மூன்று நாள் சுமதி என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு முறை, "நேராச் சொல்றவங்கன்னு சொன்னே. சொல்லலையே அக்கா. அதுதான் பதில்" என்றாள். அப்பா போனில், "என்னாச்சு கண்ணு, நல்லபடியா நடந்துச்சா?" என்று கேட்டபோது, "நல்லாச் சாப்பிட்டாங்கப்பா" என்றேன். பின்பக்கம் போய் மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். பழத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. தங்கையின் வாழ்க்கை முடிவாகிற இடத்தில் என் பெருமையை நறுக்கித் தட்டில் வைத்தேனே என்றுதான் ஆறவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. லோஹேகாவ் ஊரின் ஒரு கோடி, நாங்கள் இன்னொரு கோடி. தலை, மீசை எல்லாம் தூசியாக மாப்பிள்ளையின் அப்பா இறங்கினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அன்னைக்குப் பாதியில நின்னு போச்சுங்க. உங்க வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போன் போட்டே முடிச்சிருக்கலாம். ஆனா நேர்லதான் சொல்லுவோம்னு உங்ககிட்டச் சொல்லீருந்தனில்ல. மூணு நாளா ஸ்கூட்டர் ரிப்பேருங்க." பிறகு விறைப்பாக நின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமை விட்ட இடத்திலிருந்து சொன்னார்: "எங்களுக்குப் பொண்ணப் பாத்ததுல ரொம்பத் திருப்திங்க."

உள்ளே சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்தார். "இருவத்தெட்டு வருஷத்துல என்ற பையன் என்ற முன்னால அத்தன வார்த்த பேசி நான் பாத்ததில்லீங்க. என்ற வாய் மூடியிருந்துச்சு, அதான் பேசுனான்" என்றார். அவர் குரல் கம்மியிருந்தது. இந்த முறை பழம் காரணமில்லை.

சந்தோஷத்தில் எனக்குப் புத்தி மறுபடியும் தோட்டத்துக்குப் போனது. பிள்ளையார் பழத்தையும் மிச்சம் மூன்றையும், முரளி சொன்ன பிறகு, அரிசி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். எடுத்தேன். தண்ணீர்ப் பை மாதிரி தொளதொளவென்று, எறிந்துவிடலாம் போல இருந்தது ஒன்று. கிண்ணத்தில் வைத்து, ஸ்பூனோடு கொண்டுவந்து நீட்டினேன்.

"ஸ்கூட்டர் சூடு ஆறறதுக்குள்ள கெளம்பீர்றனுங்க" என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

நான் ஒருத்தியாகவே தின்றேன். பேரீச்சம்பழத்தையும் வெல்லப்பாகையும் சேர்த்துக் குளிர வைத்தது போல ஓர் இனிப்பு. இத்தனை நாள் நான் வளர்த்ததில் அதுதான் உண்மையான பழம். அதையும் நான் வளர்க்கவில்லை. ஹிமாச்சல் பாபிக்கு எழுதி மன்னிப்புக் கேட்கலாம் என்றால் விலாசம் வாங்கி வைக்கவில்லை. வீட்டில் ஒருவரும் மிச்சத்தைத் தொடவில்லை.

கல்யாணம் கோயமுத்தூரில் நடந்தது. சீர்த்தட்டுகளில் இருந்த பழங்களை மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். "இதுல ஏதாச்சும் உங்க தோட்டத்துதுங்களா?" என்று கேட்டார். சத்தியமாக இல்லை, எல்லாம் கடைப் பழம் என்றேன். அவர் நம்பவில்லை. இருபது வருஷமாகப் புனேயில் இருப்பவர், மராத்திக் கல்யாணங்கள் நிறையப் பார்த்தவர். அங்கே உகாணா என்று ஒன்று உண்டு. பெண்ணைப் புருஷன் பெயரைக் கோத்து இரண்டு வரி பாடச் சொல்லிக் கலாட்டா செய்வார்கள். அது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

"மொதல்ல நீங்க ஒரு துண்டு தின்னுங்க. தின்னுட்டு உங்க வீட்டுக்காரர் பேர முழுசாச் சொல்லுங்க. நாக்கு நல்லாப் பெரளுதுன்னு தெரிஞ்சா நாங்க சாப்பிடறோம்" என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நான் என் கணவரை "ஏனுங்க" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆபீஸ் பாரத்தில் எழுதக்கூட அவரையே எழுதச் சொல்லிவிடுவேன். மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு துண்டு ஆப்பிளைத் தின்றுவிட்டு, "பாலசுப்பிரமணியன்" என்றேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு பழத்தில் கை வைத்தார்கள். என் கணவர் மட்டும் அன்று முழுக்கக் காது சிவந்து உட்கார்ந்திருந்தார்.

அதிலிருந்து அது சட்டமாகிவிட்டது. பொங்கல், பிறந்த நாள், வளைகாப்பு, எதுவானாலும் பழத் தட்டு வந்தால் முதல் துண்டு எனக்கு. வாழைப்பழமானாலும் விடமாட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. ஊர் ஊராகத் தகரக் கொட்டகையில் குடித்தனம் நடத்திவிட்டு, சுமதியும் முரளியும், ஓய்வு பெற்ற பிறகு புனேயிலேயே தங்கிவிட்ட எங்களுக்குப் பக்கத்தில், சாங்வியில் வீடு வாங்கி வந்தார்கள். அவர்கள் மகள் நித்யாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுடைய தமிழ் பாதி இந்தியும் கால் மராத்தியுமாக இருக்கும். அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு விழா. பிள்ளைகள் தங்கள் வீட்டு வழக்கங்களைப் பற்றி எழுதி ஒட்ட வேண்டும், குடும்பத்தோடு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். "பெரிம்மா, நீ வரணும். பக்கா வரணும்" என்றாள். என்னை மட்டும் ஏன் அப்படிக் கூப்பிட்டாள் என்று அங்கே போனதும் தெரிந்தது.

சுவரில் அவள் மராத்தியில் எழுதியது பெரிதாக ஒட்டப்பட்டிருந்தது. முரளி வாசித்து அர்த்தம் சொன்னார். தமிழர்கள் பழம் சாப்பிடும் முன், வீட்டின் பெரியம்மா முதல் துண்டைத் தின்று, தன் கணவரின் பெயரை உரக்கச் சொல்வார். அதன் பிறகே மற்றவர்கள் சாப்பிடுவார்கள். இது மிகப் பழமையான வழக்கம். கீழே டீச்சர் சிவப்பு மையில் பாராட்டி எழுதியிருந்தார்.

விளக்கிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அந்த மராத்தி டீச்சரே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உகாணா எங்களிடம் மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். உங்களிடமும் இருக்கிறதே" என்று இந்தியில் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் சுமதியைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். முரளி வழக்கம் போல, தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் நின்றார். நித்யா என் பக்கத்தில் வந்து நிமிர்ந்து நின்றுகொண்டாள். மற்ற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் கூடிவிட்டார்கள். யாரோ ஒரு தட்டில் ஆப்பிள் நறுக்கிக் கொண்டுவந்து என் முன் நீட்டினார்கள். ஒருவரும் தொடாமல் மரியாதையோடு காத்திருந்தார்கள்.

நான் ஒரு துண்டை எடுத்து, மென்று, விழுங்கிவிட்டு, கணீரென்று சொன்னேன்: "பாலசுப்பிரமணியன்."

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு வரிசையாக வந்து ஆப்பிளை எடுத்துக்கொண்டார்கள்.